வளர்ச்சியே கட்டும் மதில்

சில ஆண்டுகள் வேகமாக வளர்ந்த ஒரு நிறுவனம் திடீரென்று நின்றுவிட்டால், காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. வெளியில் இருப்பவர்கள் 'அகலக்கால் வைத்துவிட்டார்கள்' என்பார்கள். உள்ளே இருப்பவர்கள் சந்தை மந்தம், போட்டி, விதிமுறை மாற்றம் என்று வெளியே கைகாட்டுவார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டு தரப்புமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நேற்றுவரை வளர்ச்சியைக் கொடுத்த ஏற்பாடே இன்று அதற்குத் தடையாக மாறியிருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் பின்னூட்டச் சுழல் என்ற பார்வை: ஒரு செயலின் விளைவு சுற்றி வந்து அந்தச் செயலையே கூட்டுவதோ குறைப்பதோதான் பின்னூட்டச் சுழல்.

இதைத் தொழில் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பொறியாளர். ஜே ஃபாரஸ்டர் 1956இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு வந்தபோது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரேடார் ஆண்டெனாக்களையும் பீரங்கிகளையும் தானாகத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கணினிகளும்தான். அந்தச் சமயத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காரர்கள் ஒரு குழப்பத்தைச் சொன்னார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகளில் சில சமயம் மூன்று ஷிஃப்ட் ஓடும். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும். பொருளாதார ஏற்ற இறக்கம் என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர்களுக்கே திருப்தியாக இல்லை.

ஆள் எடுப்பதையும் சரக்கு இருப்பையும் எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று ஃபாரஸ்டர் விசாரித்தார். பிறகு ஒரு நோட்டுப் பக்கத்தில் இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று பத்தி பிரித்து, வாரா வாரம் என்ன நடக்கும் என்று பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் சீராக இருந்தாலும் வேலையாட்களின் எண்ணிக்கை மேலும் கீழும் ஆடியது. அதாவது, ஆட்டம் சந்தையிலிருந்து வரவில்லை. நிர்வாகம் எடுத்த நியாயமான முடிவுகளே, இடையில் இருந்த தாமதங்களோடு சேர்ந்து, அதை உண்டாக்கின.

இந்தக் கதையில் முட்டாள் என்று யாரையும் சொல்ல முடியாது. சரக்கு குறைந்தால் ஆளைச் சேர்ப்பது சரியான முடிவுதான். சேர்த்த ஆள் பயிற்சி பெற்று, பொருள் செய்து, அது கிடங்குக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் பற்றாக்குறை இன்னும் தெரிவதால் இன்னும் ஆள் சேர்ப்பார்கள். எல்லாம் ஒன்றாக வந்து சேரும்போது கிடங்கு வழியும்.

இரண்டு வகைச் சுழல்

இந்தப் பார்வையில் அடிப்படை உறுப்புகள் இரண்டுதான். ஒன்று பெருக்கும் சுழல். வாடிக்கையாளர் கூடினால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் விற்பனைக்கு ஆள் சேர்க்கலாம், ஆள் கூடினால் வாடிக்கையாளர் மேலும் கூடுவார். மற்றொன்று அடக்கும் சுழல். ஒரு அளவு கூடக் கூட, அதைக் குறைக்கும் விசையும் கூடும்: கூட்டம் கூடினால் காத்திருப்பு கூடும், காத்திருப்பு கூடினால் கூட்டம் குறையும். பெருக்கும் சுழல் நல்லது, அடக்கும் சுழல் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நிறுவனம் சரிவதும் பெருக்கும் சுழல்தான், திசைதான் வேறு. தரக் கட்டுப்பாடும் பட்ஜெட்டும் அடக்கும் சுழல்கள். அவை இல்லாமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது.

பெருக்கும் சுழலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அமேசான் 2001 வாக்கில் வரைந்த சுழல் சக்கரப் படம் பிரபலமானது: குறைந்த விலை, அதனால் வாடிக்கையாளர் வருகை, அதனால் அதிக விற்பனையாளர்கள், அதனால் செலவு குறைவு, மறுபடி குறைந்த விலை. அதற்குப் பிறகு முதலீட்டாளர்களிடம் காட்டப்படும் ஸ்லைடுகளில் ஒரு வட்டம் கட்டாயம் இருக்கிறது. அம்புக்குறிகள் அழகாகச் சுற்றி வரும். எந்த அம்பு எவ்வளவு பலமானது, எத்தனை மாதம் எடுக்கும் என்பது மட்டும் இருக்காது. எண் இல்லாத சுழல் படம் வெறும் ஆசைதான்.

எண் ஏன் முக்கியம் என்பதைப் பரிந்துரை மூலம் வரும் வளர்ச்சியில் பார்க்கலாம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் சராசரியாக 0.2 புதியவரைக் கொண்டுவந்தால், 100 பேர் 20 பேரையும், அந்த 20 பேர் 4 பேரையும் கொண்டுவருவார்கள். கடைசியில் மொத்தம் 125 பேரில் நின்றுவிடும். 0.5 என்றால் 200. 0.9 என்றால் 1,000. 1ஐத் தாண்டினால் காகிதத்தில் முடிவே கிடையாது. படத்தில் எல்லாம் ஒரே வட்டம்தான், ஆனால் 0.2க்கும் 0.9க்கும் நடுவே இருப்பது வேறு வேறு நிறுவனங்கள். கோப்புகளை இணையத்தில் சேமிக்க உதவும் டிராப்பாக்ஸ், பரிந்துரைப்பவருக்கும் சேர்பவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் கொடுத்தது. 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பயனர் கணக்கு 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதே உத்தியைக் காப்பியடித்த பலருக்கு அது பலிக்கவில்லை என்றால் வியப்பில்லை. கோப்பைப் பகிர்ந்தாலே இன்னொருவரை உள்ளே இழுக்கும் பொருள் அது. அந்த எண் பொருளின் இயல்பிலேயே இருந்தது, பரிசு அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டது.

ஓட்டை வாளிக் கணக்கு

வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் எல்லைகளில் எளிமையானது வாடிக்கையாளர் இழப்பு. மாதம் 1,000 புது வாடிக்கையாளர் வருகிறார்கள், இருப்பவர்களில் மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20,000 பேர் ஆனதும் விலகுபவர்களும் 1,000 ஆகிவிடுவார்கள். அதுதான் உச்சி. இந்த எண்ணிக்கையை முதல் நாளிலேயே கணக்கிட்டுவிடலாம். ஆனால் நடைமுறையில் அது தெரியாது. 10,000 பேரை எட்டச் சுமார் 14 மாதம்தான் ஆகும், எல்லோரும் இன்னும் 14 மாதத்தில் 20,000 என்று கோடு போடுவார்கள். அப்போது 15,000தான் இருக்கும். 19,000ஐத் தொட மொத்தம் ஐந்து ஆண்டுக்குப் பக்கத்தில் ஆகிவிடும்.

இனி நிர்வாகம் என்ன செய்யும்? விளம்பரத்தை இரட்டிப்பாக்கி மாதம் 2,000 பேரைக் கொண்டுவரலாம், உச்சி 40,000 ஆகும். அல்லது விலகலை 2.5 சதவீதமாகக் குறைக்கலாம், அதற்கும் உச்சி 40,000தான். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. ஆனால் விளம்பரத்தின் பலன் அடுத்த மாதமே தெரியும். விலகலைக் குறைத்ததன் பலன் முதல் சில மாதங்களில் கண்ணுக்கே தெரியாது, அதுவும் வாடிக்கையாளர் எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது. காலாண்டுக்கு ஒருமுறை பதில் சொல்ல வேண்டிய மேலாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் அவசரக்காரர் என்பதல்ல விஷயம், அளக்கும் கால அளவுதான் அவரை அப்படி நகர்த்துகிறது.

அடுத்தது சந்தையே நிரம்பிவிடுவது. மக்கள்தொகை வளர்ச்சி எல்லையை நெருங்கும்போது எப்படிச் சாயும் என்பதற்கு பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இலேயே ஒரு சமன்பாடு எழுதினார். 1969இல் சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஃபிராங்க் பாஸ் அதையொட்டிய ஒரு கணக்கைப் புதிய பொருள்களின் விற்பனைக்குப் பொருத்தினார். சிலர் தாமாக வாங்குவார்கள், பலர் அவர்களைப் பார்த்து வாங்குவார்கள். வாங்கியவர்கள் கூடக் கூடப் பார்த்து வாங்குபவர்கள் கூடுவார்கள். அதே வேகத்தில் இன்னும் வாங்காதவர்கள் தீர்ந்துபோவார்கள். ஏறக்குறைய சந்தையில் பாதி வாங்கி முடிக்கும்போதே வருடாந்தர விற்பனை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கு இந்தக் கணக்கைப் போட்டபோது, தொழில்துறையின் எதிர்பார்ப்பைவிட முன்னதாகவும் தாழ்வாகவும் உச்சம் வந்தது. தொழில்துறையோ படக்குழாய் உற்பத்தித் திறனைத் தேவைக்கு மிக அதிகமாகக் கட்டிவைத்திருந்தது. வளைவின் மிகச் செங்குத்தான இடத்தில் நிற்பவருக்கு முன்னால் தெரிவது வானம் மட்டும்தான்.

ஃபோர்டின் மாடல் டி இதைவிடச் சுவையான உதாரணம். 1908இல் 850 டாலருக்கு வந்த கார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. விலை குறைந்தால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் ஒரு காருக்கான செலவு குறையும், மறுபடி விலை குறையும். இவ்வளவு சுத்தமான பெருக்கும் சுழலை வரலாற்றில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் அது தன் எதிரியையும் தானே தயாரித்தது: விற்ற ஒவ்வொரு காரும் சில ஆண்டுகளில் பழைய காராகச் சந்தைக்குத் திரும்பி, புது மாடல் டியைவிட மலிவாக நின்றது. முதல் கார் வாங்குபவர் தீர்ந்தபோது, இரண்டாவது கார் வாங்குபவர் வேறு நிறம், வேறு வடிவம், கொஞ்சம் சொகுசு கேட்டார். அதை ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது. ஃபோர்டால் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் செலவைக் குறைத்த அதே இயந்திரங்கள் ஒரே ஒரு காரைச் செய்வதற்கென்றே அமைக்கப்பட்டிருந்தன. 1.5 கோடிக்கும் மேல் செய்தபின், 1927இல் உற்பத்தியை நிறுத்திவிட்டு, புதிய மாடலுக்காக ஆலைகளை மாதக்கணக்கில் மூடிப்போட வேண்டியிருந்தது.

தன் தடயத்தை அழிக்கும் எல்லை

இதுவரை பார்த்த எல்லைகளை யாராவது கவனித்தால் பார்த்துவிடலாம். கொஞ்சம் வஞ்சகமான வகை ஒன்று இருக்கிறது. அதை 1968இல் ஃபாரஸ்டரே ஒரு கட்டுரையில் மாதிரியாக வடித்துக் காட்டினார். என் பார்வையில் இந்தத் துறை தொழிலுக்குத் தந்ததில் மிக மதிப்பானது அதுதான்.

அவர் எடுத்துக்கொண்ட கற்பனை நிறுவனத்துக்குச் சந்தை எல்லையே இல்லாதது. வேண்டுமளவு விற்கலாம். விற்பனையாளர்கள் ஆர்டர் கொண்டுவருகிறார்கள், ஆர்டர் பணமாகி மேலும் விற்பனையாளர்களைச் சேர்க்கிறது. இது பெருக்கும் சுழல். ஆர்டர் உற்பத்தித் திறனைத் தாண்டும்போது நிலுவை சேர்கிறது, டெலிவரி தாமதமாகிறது, வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள். இது அடக்கும் சுழல். மூன்றாவதாக, தாமதம் கூடினால் நிர்வாகம் புதிய ஆலையில் முதலீடு செய்கிறது. இதுவும் அடக்கும் சுழல்தான், ஆனால் மெதுவானது. ஆலை கட்ட ஆண்டுகள் ஆகும்.

சிக்கல் 'தாமதம் கூடினால்' என்ற சொற்களில் ஒளிந்திருக்கிறது. எதைவிடக் கூடினால்? நிர்வாகம் தன் கடந்தகாலப் பழக்கத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் டெலிவரி கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் ஐந்து வாரம் எடுத்தால் முதலில் பதறும். ஆறு மாதம் ஐந்து வாரமாகவே இருந்தால், 'இந்தத் தொழிலில் ஐந்து வாரம் சகஜம்' என்றாகிவிடும். பதற்றம் போனால் முதலீடும் போகும். தாமதத்தால் வாடிக்கையாளர் குறைவதால் நிலுவையும் குறைகிறது. புதிய ஆலை தேவையில்லை என்று எண்களே சொல்கின்றன. எல்லையில்லாத சந்தையில் இருந்த அந்த நிறுவனம் தேங்கிச் சுருங்கியது. மற்ற எதையும் மாற்றாமல், டெலிவரி இலக்கை மட்டும் பழக்கத்தோடு நகராமல் நிலையாகப் பிடித்துவைத்ததும் அது வளர்ந்தது.

இதில் உறைக்க வேண்டியது என்ன? முதலீடு செய்யாததுதான் தேவையைக் குறைத்தது. குறைந்த தேவை, முதலீடு செய்யாதது சரி என்று நிரூபித்தது. கூட்டத்தில் யார் எழுந்து 'அன்றே கட்டியிருக்க வேண்டும்' என்றாலும், அவருக்கு எதிராக விற்பனைப் பதிவேடே சாட்சி சொல்லும். வராமல் போன வாடிக்கையாளர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஃபிரெண்ட்ஸ்டர் இதற்கு நிஜ உலக உருவம். சமூக வலைத்தளம் என்ற எண்ணத்தைப் பெரிய கூட்டத்துக்கு முதலில் காட்டியவர்களில் அது ஒன்று. 2003இல் சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஒருவர் பக்கத்தைத் திறந்தால் நண்பர், நண்பரின் நண்பர் என்று இணைப்புகளைக் கணக்கிட்டுக் காட்டும். ஆள் கூடும் வேகத்தைவிட அந்த இணைப்புகள் கூடும் வேகம் மிக அதிகம். பக்கம் திறக்கச் சில சமயம் 40 நொடி வரை ஆனது. நண்பர்கள் இருப்பதால் நண்பர்கள் வருவது என்ற சுழல், தளம் திணறியதும் எதிர்த்திசையில் சுற்றி, நண்பர்கள் போவதால் நண்பர்கள் போகத் தொடங்கினார்கள். ஃபேஸ்புக் 2004இல் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கி, ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்து, 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. இடையில், அடுத்த கல்லூரியை சர்வர் தாங்குமா என்று பார்த்தே திறந்தார்கள். பெருக்கும் சுழலின் குழாயைத் தாங்களே கொஞ்சம் மூடிவைத்தது ஒரு உத்தி. வளர்ச்சியை மட்டும் கொண்டாடுபவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

பீப்பிள் எக்ஸ்பிரஸ் விமான நிறுவனத்தின் கதை இன்னும் விவாதத்துக்குரியது. 1981இல் மூன்று விமானங்களோடு நியூவார்க்கிலிருந்து மலிவு விலையில் பறக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒன்றாகி, 1986இல் விலைபோனது. சுழல் ஆய்வாளர்கள் சொல்வது: பயணிகளும் விமானங்களும் கூடிய வேகத்தில் அனுபவமுள்ள ஊழியர்கள் கூடவில்லை, சேவை சரிந்தது, பயணிகள் விலகினார்கள். நிறுவனர் டான் பர் பின்னாளில் சொன்ன காரணம் வேறு: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணினி கொண்டு இருக்கை வாரியாக விலை வைத்து, அவருடைய மலிவு விலைக்கே இறங்கி வந்துவிட்டது. இரண்டையும் எதிரெதிராக வைக்கத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. விலை ஒன்றுக்காகச் சகித்துக்கொண்டிருந்த பயணிக்கு, அதே விலை வேறிடத்தில் கிடைத்தால் நிற்க ஒரு காரணமும் மிச்சமில்லை. சேவைச் சரிவுதான் போட்டியாளரின் அடிக்கு அவ்வளவு பலம் கொடுத்தது.

ஆட்களைச் சேர்த்தால் தீராதா என்று கேட்கலாம். உடனே தீராது. புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவர் அனுபவசாலி. அந்த நேரம் அவர் வேலையிலிருந்து வெட்டப்படுகிறது. ஆக, ஆள் சேர்த்த முதல் சில மாதங்களில் திறன் குறையும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 5 பேரில் 10, 10 பேரில் 45, 50 பேரில் 1,225. சிறு குழுவாக இருந்தபோது தானாக நடந்த ஒருங்கிணைப்பு, பெரிதானதும் தனி வேலையாகி, அதற்கென்று மேலாளர்கள், கூட்டங்கள், படிவங்கள் என்று வந்துவிடும்.

இந்தப் பார்வைக்கும் குறை உண்டு. சுழல் படம் வரையத் தெரிந்தவர், நடந்து முடிந்த எதையும் விளக்கிவிடுவார். வளர்ந்தால் பெருக்கும் சுழல், நின்றால் அடக்கும் சுழல்! எந்தச் சுழல் எந்த நேரத்தில் மேலோங்கும் என்பதை அளவும் தாமதமும் தெரியாமல் சொல்ல முடியாது. அதனால்தான் ஃபாரஸ்டர் படத்தோடு நிற்காமல் வாரக் கணக்குப் போட்டார். இன்று ஒரு விரிதாளில் இரண்டு மணி நேரத்தில் செய்துவிடலாம். எதிர்காலத்தைத் துல்லியமாகச் சொல்லாது, ஆனால் எந்த எண் மாறினால் கதை மாறும் என்று காட்டிவிடும்.

வளர்ச்சி மந்தமாகும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது, சந்தை நிரம்பிவிட்டதா, நம் திறன் போதவில்லையா என்பது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்: ஒன்றில் கட்டுவதை நிறுத்த வேண்டும், மற்றதில் உடனே கட்ட வேண்டும். வண்ணத் தொலைக்காட்சித் துறை முதலாவதில் கட்டியது, ஃபாரஸ்டரின் நிறுவனம் இரண்டாவதில் கட்டவில்லை. அடையாளங்கள் உண்டு. சந்தை நிரம்பினால் ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு ஏறும், ஆனால் இருப்பவர்கள் திருப்தியாகவே இருப்பார்கள், காத்திருப்பும் நீளாது. திறன் போதவில்லை என்றால், விற்பனை இறங்குவதற்கு முன்பே காத்திருப்பும் புகாரும் திருப்பி அனுப்பிய பொருளும் கூடியிருக்கும். இந்த இரண்டாவது அடையாளம் கொஞ்ச காலம்தான் தெரியும். கூட்டம் கலைந்தபின் காத்திருப்பும் மறைந்து, பார்க்கச் சந்தை நிரம்பியது போலவே இருக்கும். ஆகவே இந்த மாத எண்ணைப் போன மாதத்தோடு ஒப்பிடுவது போதாது. தொழில் நன்றாக ஓடிய நாளில் எத்தனை நாளில் டெலிவரி, எத்தனை நிமிடத்தில் பதில் என்று எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதோடு, விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களின் கணக்கையும் யாராவது வைத்திருக்க வேண்டும்.